கோயில் அரிசி

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில், அறுப்புப் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில், ஒரு நாட்டுக்கோழி முட்டை 2,300 ரூபாய்க்குப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே ஆள் கொடுத்த விலை இல்லை. முதலில் ஏலம் எடுத்தவர் 150-க்கு எடுத்து, எடுத்த கையோடு "கோயிலுக்கே இருக்கட்டும்" என்று மேசையில் திருப்பி வைத்தார். அடுத்தவர் 200-க்கு எடுத்தார், அவரும் திருப்பி வைத்தார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு கை மாறி, கடைசியாக எடுத்த பெரியப்பா அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேட்டி விலையையும் காணிக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பெரியம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அழைப்பிதழில் 'அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை' என்று அச்சடிப்பார்கள். பேச்சில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, அறுப்புப் பண்டிகை என்பதோடு சரி. வயிற்றை முன்னால் வைத்துப் பேசுகிறவர்கள் "அசனம் என்னைக்கு?" என்பார்கள். அசனம் என்றால் ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே கறிக்குழம்பும் கத்தரிக்காயும் மணக்கும்.

எங்கள் ஊர் ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில், தாமிரபரணியின் தென்பக்கம். ஆற்றில் இருக்கும் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி. மேலே இருக்கிற ஏழு பேரும் குடித்துவிட்டு விட்ட தண்ணீர்தான் எங்களுக்கு. அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆண்டவரை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை என்று தாத்தா வேடிக்கையாகச் சொல்வார். வாழைதான் அதிகம், நெல் அதற்கடுத்துத்தான். தண்ணீர் இருந்தால் ஆனியில் கார் நெல் போடுவார்கள். பிசானம்தான் பெரிய போகம். ஐப்பசியில் நட்டால் மாசி, பங்குனியில் அறுப்பு. பொங்கலுக்கு எங்கள் பக்கம் கதிர் பெரும்பாலும் பச்சையாகத்தான் நிற்கும். புது அரிசி வீட்டுக்கு வருவதற்குள், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிடும். லெந்தில் கறி ஆகாது. கறி இல்லாமல் அசனம் ஆகாது. ஆகவே ஈஸ்டர் முடிந்து சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. இறையியல் இதில் எவ்வளவு, ஆட்டுக்கறி எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அன்றைக்குக் காலையில் கோயிலுக்குள் நுழைந்தால் கோயில் மாதிரியே இருக்காது. (எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் 'சர்ச்' என்று சொல்வதில்லை, கோயில்தான். பாதிரியார் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள்.) வாசலில் நெற்கதிர்க் கட்டு தொங்கும். தூணுக்கு ஒரு வாழைத்தார். அதன் கறை வெள்ளைச் சட்டையில் பட்டால் போகாது என்று தெரிந்தும் அண்ணன்மார் அதில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். ஆல்டருக்கு (பலிபீடத்துக்கு) முன்னால் பூசணி, முருங்கைக்காய், இளநீர்க் குலை, கருப்பட்டிச் சிப்பம், எலுமிச்சை, அச்சுமுறுக்கு, யாரோ தைத்த தலையணை உறை. ஓரத்தில் கால் கட்டின கோழிகள். ஐயர் நீண்ட ஜெபம் பண்ணும்போது ஒரு கோழி சரியாக 'ஆமென்' இடத்தில் கொக்கரிக்கும். சின்ன வயதில் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே காத்திருப்பேன்.

இந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் நான் யோசித்ததில்லை. வேதகாலம் முதல் இருப்பது என்றே நினைத்திருந்தேன். அறுவடைக்கு நன்றி சொல்வது எல்லா மண்ணிலும் பழசுதான். ஆனால் கோயிலுக்குள் காய்கறியை அடுக்கி வைக்கும் இந்த ஏற்பாட்டுக்குத் தேதியே இருக்கிறது. 1843-இல் இங்கிலாந்தில், கார்ன்வால் கடற்கரை ஓரம் மோர்வென்ஸ்டோ என்கிற சிற்றூரில், ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்கிற பாதிரியார் தன் சபையாரை அறுப்புக்கு நன்றி சொல்லக் கூட்டினார். அது அங்கிருந்து ஆங்கிலிக்கன் சபை முழுக்கப் பரவியது. எங்கள் பக்கம் மிஷனெரியாக ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820, கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841. ஊர் ஊராகச் சபைகள் எழும்பிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் அங்கே இந்த வழக்கமும் வேர் பிடித்தது. வந்து சேர அதிகக் காலம் ஆகியிருக்காது.

அந்த ஹாக்கரைப் பற்றி ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். அவருடைய ஊர்க் கடல் கப்பல்களை உடைக்கிற கடல். 1842-இல் கலிடோனியா என்கிற கப்பல் அங்கே மோதி உடைந்தது. ஒதுங்கிய உடல்களை அவரே எடுத்துத் தன் கோயில் தோட்டத்தில் அடக்கம் பண்ணினார். அதற்கு அடுத்த வருஷம்தான் அறுப்புக்கு நன்றி சொல்லக் கூட்டினது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பயிர் செழித்த ஆனந்தத்தில் மட்டும் அவர் அதைத் தொடங்கியிருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சரி, வேதத்துக்கு வருவோம். அறுப்புப் பண்டிகை என்றாலே பிரசங்கம் லேவியராகமம் 23-இல் தொடங்கும். முதற்பலனாகிய கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவா, அதற்குப் பிறகு ஏழு வாரம் எண்ணு, ஐம்பதாம் நாள் பண்டிகை. எந்த நாளில் எந்தப் பலி என்று கணக்குப் பிள்ளை எழுதினது மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் திடீரென்று, 22-ஆம் வசனத்தில், பண்டிகைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒன்று வரும்: வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. அடுத்த வசனத்தில் மறுபடி பண்டிகைக் கணக்கு தொடரும். யாரோ தவறுதலாக இடையில் செருகிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

உபாகமம் 26 இன்னும் விசேஷம். கூடையில் முதற்பலனைக் கொண்டுவருகிறவன் ஆசாரியன் முன்னால் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகக் கொடுத்திருக்கிறது. நல்ல மகசூல், ஏக்கருக்கு இத்தனை மூட்டை, நன்றி ஆண்டவரே என்று சொல்லச் சொல்லவில்லை. என் தகப்பன் நாடோடி, கொஞ்சம் பேராய்ப் பரதேசம் போனோம், அங்கே எங்களைக் கொடுமையாய் நடத்தினார்கள் என்று பழைய கதையை முதலில் சொல்லச் சொல்கிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் நின்று சொல்வதாக இருந்தால் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்க வேண்டும். 1876 முதல் 78 வரை. பனங்கிழங்கையும் புளியங்கொட்டையையும் தின்று பிழைத்தோம் என்று ஆச்சியின் ஆச்சி சொன்னதாக ஆச்சி சொல்வார்.

ஆச்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலை கொதித்ததும் ஆச்சி அரிசியை அளந்து முறத்தில் போடுவார். போட்டபிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவார். பானையிலிருந்து எடுத்துப் போட்டால் அது தர்மம், சோற்றுக்கு அளந்ததிலிருந்து எடுத்துப் போட்டால்தான் காணிக்கை என்பது அவருடைய கணக்கு. எனக்கு இது வெகுகாலம் புரியவில்லை. அளந்தபிறகு எடுத்தால் யாரோ ஒருவர் ஒரு வாய் குறைவாகச் சாப்பிட வேண்டும். அந்த யாரோ பெரும்பாலும் ஆச்சிதான் என்று பிற்பாடு தெரிந்தது.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. தென்மாவட்டத்துச் சபைகள் பலவற்றில் கைப்பிடி அரிசி உண்டு. ஆயிரம் மைலுக்கும் மேலே தள்ளி மிசோரத்திலும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இதே வழக்கம் இருக்கிறது, 'புஃபாய் தாம்' என்கிறார்கள். அங்கேயும் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு கைப்பிடி. அதைச் சேர்த்தே பெரிய ஊழியங்களை நடத்துகிறார்கள். காசு புழங்காத வீட்டில் பெண்கள் கையில் இருந்த ஒரே பொருள் அரிசிதான். புருஷனைக் கேட்காமல் கொடுக்க முடிந்த ஒரே காணிக்கையும் அதுதான்.

பண்டிகை அன்றைக்கு எல்லா வீட்டுக் கலயமும் கோயிலில் ஒரு பெரிய அண்டாவில் கொட்டப்படும். இங்கேதான் சிக்கல். ஒரு வீட்டில் அம்பை 16 புழுங்கல், இன்னொரு வீட்டில் பச்சரிசி, மூன்றாம் வீட்டில் ரேஷன் அரிசி, வசதியான வீட்டில் கடையில் வாங்கிய பொன்னி. எல்லாம் ஒன்றாகக் கலந்தால் எப்படி வேகும்? பச்சரிசி குழைந்து கூழாகும் நேரத்தில் புழுங்கல் நடுவில் கல் மாதிரி நிற்கும். அதனால் ஏலத்தில் கோயில் அரிசிக்கு மவுசே இல்லை. கோழித் தீவனத்துக்கும் இட்டலி மாவுக்கும் என்று யாராவது போனால் போகட்டும் என எடுப்பார்கள். முட்டைக்கு 2,300 கொடுக்கிற ஊர், அரிசிக்கு வாய் திறக்காது. தாத்தா மட்டும் வருஷாவருஷம் இரண்டு படி எடுத்துவருவார். அந்த வாரம் முழுக்க வீட்டில் கஞ்சி. எனக்கும் தம்பிக்கும் அழுகையாக வரும்.

ஏலத்தைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போவதும் சரியில்லை. மைக்கில் பேரும் தொகையும் சொல்லும்போது வீம்பும் கூடவே ஏறும். இரண்டு குடும்பங்கள் ஒரு பூசணிக்காய்க்காக ஏறி ஏறிக் கேட்டு, கடைசியில் ஒருவர் பத்தாயிரத்துக்கு எடுத்ததையும், அந்தப் பத்தாயிரம் இரண்டு வருஷம் 'பாக்கி' பட்டியலில் வாசிக்கப்பட்டதையும் நானே கேட்டிருக்கிறேன். நன்றி சொல்லப் போன இடத்தில் பகை வாங்கி வந்தவர்கள் உண்டு. வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறதே என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தடவை கேட்டேன். "மைக் செட்காரர் அறியலாம்ல" என்றார் செயலாளர்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. நினைவு தெரிந்து நான் கேட்ட அறுப்புப் பண்டிகைப் பிரசங்கம் முப்பதுக்குக் குறையாது. யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை ஒருவரும் எடுத்ததில்லை. வயலை அறுத்தவர்களுடைய பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய காதில் விழுகிறது என்று அதில் இருக்கிறது. அறுப்பைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசுகிற இன்னொரு வேதப்பகுதியை நான் பார்த்ததில்லை. கோயிலின் முன் வரிசையில் வயல்காரர்கள் உட்கார்ந்திருப்பதால் இருக்கலாம். நட்டவர்களும் களை பறித்தவர்களும் பின் வரிசையில் இருப்பார்கள், அல்லது அன்றைக்கும் வேறு யார் வயலிலாவது நிற்பார்கள்.

ஆச்சிக்கு எழுத்து வாசனை குறைவு. யாக்கோபை வாசித்திருப்பாரா தெரியாது. ஆனால் பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி தாத்தாவை உட்காரவைத்துக் கேட்பார்: "யாருக்காவது கொத்து பாக்கி நிக்கா? கொடுத்துட்டு வாரும். வச்சுக்கிட்டு ஸ்தோத்திரம் சொல்லாதியும்." கொத்து என்றால் கூலியாக அளக்கும் நெல். களத்தில் மரக்காலில் அளக்கும்போது தாத்தா 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். லாபம், ரெண்டு, மூணு. கூலிக்கு அளக்கும்போதும் அதே 'லாபம்'தான். முதல் மரக்கால் யாருக்குப் போனாலும் லாபம் லாபம்தானே என்பார்.

இப்போது கொத்தும் இல்லை, களமும் இல்லை. அறுப்பு மிஷின் வந்து ஒரு மணி நேரத்தில் ஒரு வயலை முடித்துவிடுகிறது. கதிர் பொறுக்க ஆள் வருவதில்லை, பொறுக்குவதற்குக் கதிரும் ஒழுங்காக விழுவதில்லை. நெல்லை ரோட்டில் காயப்போட்டு, கொள்முதல் நிலையத்தில் வரிசை வரும்வரை அப்பா கட்டிலைப் போட்டுக் காவல் படுப்பார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மேகம் கறுத்தால் போச்சு. முன்பு எங்கள் மாவட்டமாக இருந்த திருநெல்வேலிக்கே பேர் தந்த கதை நெல் காயப்போட்ட கதைதான். நைவேத்தியத்துக்குக் காயவைத்த நெல்லை மழை நனைக்காதபடி சிவன் வேலி கட்டிக் காத்தார், அதனால் நெல்வேலி. தைப்பூசத் திருவிழாவின்போது நெல்லையப்பர் கோயிலில் இதை ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள். அப்பா நாலு தலைமுறைக் கிறிஸ்தவர். ஆனாலும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டே மேகத்தைப் பார்த்து, "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள் வேலி போடும்" என்பார். மண் எங்கே முடிந்து மதம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ஸ்தோத்திரம்' என்பது வணக்கம், பெருமூச்சு, முற்றுப்புள்ளி எல்லாம்தான். போன் எடுத்தால் ஸ்தோத்திரம். மழை பெய்தால் ஸ்தோத்திரம், மழை விட்டால் ஸ்தோத்திரம். "உரம் விலை ஏறிப்போச்சு, ஸ்தோத்திரம், பன்னி வந்து பாதி வாழையச் சாச்சிட்டு, ஸ்தோத்திரம்" என்று அப்பா ஒரே மூச்சில் புலம்பலையும் துதியையும் சேர்த்துச் சொல்வார். பட்டணத்துக்கு வந்த புதிதில் எனக்கு இது வெட்கமாக இருந்தது. அர்த்தம் தேய்ந்துபோன சொல் என்று தோன்றியது. தேய்ந்ததுதான். தினமும் மிதிபடுகிற வாசல்படி தேய்வது மாதிரி.

2023 டிசம்பருக்கு வருகிறேன்.

அந்த மாதம் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் நான் சென்னையில் மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் கரண்ட் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்பா ஊரிலிருந்து விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்தெல்லாம் சென்னைக்கு பிஸ்கட்டும் அரிசியும் போயிற்று. சரியாக இரண்டு வாரம் கழித்து, 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, குடை பிடித்துக் கோயிலுக்குப் போனவர்கள் மறுநாள் வீடு திரும்ப முடியவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு முழு வருஷம் பெய்கிறதைவிட அதிகம். ஆறு கரையை மீறியது, குளங்கள் உடைந்தன. இரண்டு நாள் அப்பா போன் அணைந்து கிடந்தது. அந்த இரண்டு நாளில் நான் ஸ்தோத்திரம் எதுவும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கோயில் மேட்டில் இருப்பதால் ஊரில் பாதிப் பேர் அதற்குள்தான் இருந்திருக்கிறார்கள். டீக்கடை அண்ணாச்சி வீட்டார், வாழைக்காய் வியாபாரிகள், ஆடுமாடு எல்லாரும். மூன்றாம் நாள் கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வயலுக்கு நடுவில் கடல் படகு போனதை அப்பா இன்னும் ஒரு அதிசயம் மாதிரிதான் சொல்கிறார். தண்ணீர் வடிந்து பார்த்தால் நட்டு ஐம்பது நாள் ஆன பயிரைக் காணோம். வாழை சாய்ந்து கிடந்தது. தாழ்ந்த வயலில் முழங்கால் உயரத்துக்கு ஆற்று மணல். "கிரிக்கெட் விளையாடலாம், அவ்வளவு சமமா இருக்கு" என்றார் அப்பா. அதன் கூட அவர் ஸ்தோத்திரம் சேர்க்கவில்லை. கவனித்தேன்.

பிப்ரவரியில் நான் ஊருக்குப் போனபோது அடுப்படியில் அதே கலயம் இருந்தது. ஆச்சி போய்ப் பத்து வருஷம் ஆகிறது, இப்போது அம்மா கை. அம்மா நெல் ஊர்க்காரர் இல்லை, மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துப் பனங்காட்டுக்காரர். பனங்காட்டுக்கு மேலே கோயில் கோபுரம் மட்டும் தூரத்திலிருந்து தெரிகிற செம்மண் தேரி. அங்கே அறுப்பு என்றால் கருப்பட்டிதான். அவருடைய அப்பா காலையும் மாலையும் பனை ஏறி, சுண்ணாம்பு தடவின கலயத்தில் பதநீர் இறக்கினவர். "உங்க ஆச்சிக்கு ஒரு கைப்பிடி அரிசி. எங்க அம்மைக்கு ஒரு சில்லுக் கருப்பட்டி" என்பார் அம்மா.

அன்றைக்கு அம்மா அரிசி அளந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிவாரணமாக வந்த மூட்டை. எந்த ஊரிலிருந்தோ யாரோ அனுப்பியது. அளந்து முறத்தில் போட்டபிறகு கைப்பிடி எடுத்து வழக்கம்போலக் கலயத்தில் போட்டார்.

"அம்மா, அது நமக்கு நிவாரணமா வந்த அரிசி."

"ஆமா."

"அதுல போய் காணிக்கை எடுப்பாளா?"

"ஏட்டி, நமக்கு வந்தப்புறம் அது நம்ம அரிசிதான? வயல்ல விளைஞ்சத மட்டும் நாமளா படைச்சோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை.

அந்த வருஷம் பண்டிகை வேண்டுமா என்று கமிட்டியில் ஒரு மாதம் சண்டை. அறுப்பே இல்லை, அப்புறம் என்ன அறுப்புப் பண்டிகை என்றது ஒரு கட்சி. ஆட்டுக்கு ஆகிற காசை வீடு இடிந்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். நியாயமான பேச்சு, நானும் அந்தக் கட்சிதான். எதிர்க் கட்சியில் பெரும்பாலும் பெண்கள். இத்தனை மாதம் அரசு கொடுத்த 6,000 ரூபாயிலும் ஊரார் கொடுத்த மூட்டையிலும் பொங்கிப் பொங்கிச் சலித்துவிட்டது, ஒரு நாளாவது எங்களுக்கு யாராவது இலை போடட்டும் என்றார்கள். பெண்கள் கட்சி ஜெயித்தது. தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுவாரம் பண்டிகை.

கோயில் வழக்கமான வருஷத்தில் கால்வாசிகூட நிறையவில்லை. தூண்களில் இரண்டில்தான் வாழைத்தார். தண்ணீர் வடிந்தபிறகு மறுபடி நட்ட ஒருவர் மட்டும் அறுத்த கதிரில் ஒரு பிடி கொண்டுவந்திருந்தார். டீக்கடை அண்ணாச்சி ஒரு சருவச்சட்டி நிறைய வடை போட்டு அனுப்பியிருந்தார், அந்த இரண்டு ராத்திரிக்காக. அது ஆல்டர் வரை போனதும், ஆராதனை முடிவதற்குள் பாதியானதும் வேறு விஷயம்.

ஐயர் ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன். எல்லாரும் எதிர்பார்த்ததுதான். நல்ல பிரசங்கம். வெளியே வந்ததும் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், மணல் மூடின வயல்காரர், அப்பாவிடம் கேட்டார்: "வே, இந்த ஆபகூக்குக்குச் சொந்தமா வயல் உண்டுமா? இல்ல பாட்டு மட்டும்தானா?"

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அதிகாரத்தைக் கடைசிவரை வாசித்தேன். அவர் சொன்னது பாதி சரி. கடைசி வசனத்தின் முடிவில் இதை நெகிநோத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க இராகத்தலைவனுக்கு ஒப்புவித்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. பாட்டேதான். வயல் இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. அத்திமர வசனத்துக்கு நேர் முன்னால் குடல் குழம்பிற்று, உதடுகள் துடித்தது, நின்ற இடத்திலே நடுங்கினேன் என்றும் இருக்கிறது. அந்த வசனத்தை ஐயர் வாசிக்காமல் தாண்டிவிட்டார்.

ஏலம் சீக்கிரம் முடிந்தது. முட்டை 40 ரூபாய்க்குப் போயிற்று, எடுத்தவர் திருப்பி வைக்கவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போனார். யாரும் தப்பாக நினைக்கவில்லை. கடைசியில் அண்டா வந்தது. கைப்பிடி அரிசி மட்டும் அந்த வருஷம் ஒரு குறையும் இல்லாமல் அண்டா நிறைந்து நின்றது. குனிந்து பார்த்தேன். தடித்தது, நீண்டது, வெள்ளை, மஞ்சள், ரேஷன் அரிசி, பொன்னி, எந்த ஊரென்று பேர் தெரியாதது. கோயில் குட்டி, அதாவது கோயில் வேலைகளைப் பார்க்கிறவர், கையை விட்டுக் கிளறிக் காட்டினார். "ஒரு தரம்" என்று சொல்வதற்குள் நாலைந்து பேர் கேட்டார்கள். படி 100, 120 என்று ஏறியது. அரிசிக்கு ஏலம் ஏறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா இரண்டு படி எடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அம்மா அதைப் பொங்கினார். எதிர்பார்த்த மாதிரியே பாதி குழைந்து, பாதி வேகாமல், வடிக்கவும் முடியாமல் கஞ்சியாக நின்றது. கும்பாவில் ஊற்றி உப்புப் போட்டுக் கொடுத்தார். அப்பா ஒரு வாய் வைத்து, பல்லில் அகப்பட்ட ஒரு பருக்கையைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"இதுல ஒரு பருக்கைகூட நம்ம ஊர்ல விளைஞ்சது இல்ல, தெரியுமா?"

"தெரியும்பா."

"ஸ்தோத்திரம்" என்றார். அப்புறம் அடுப்படியைப் பார்த்து, "ஏளா, தொட்டுக்க மாங்கா ஏதும் கிடக்கா?"